முகம் தெளிய ஊர் மறைவதா?

புகைப்படக் கலை இன்று எல்லார் கைக்கும் எட்டிய கலையாகிவிட்டது. கல்லூரி விழாவாயினும் திருமண வீடாயினும் காமிரா ஏந்திய இளைஞர் பலரைக் காண்கிறோம். அவர்களுள் ஆர்வம் மிக்கோர் பெரிதும் நாடுவது 'ஃபாஸ்ட் லென்ஸ்' எனப்படும் வேக லென்ஸ் ஆகும். அதனை விரும்புவதற்கு அவர்கள் கூறும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. முகம் பளிச்சென்று தெரிய வேண்டும். பின்னால் உள்ளவை யாவும் பஞ்சுபோல் கரைந்துவிட வேண்டும். லென்ஸை விரும்புவதில் குறையில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணமே எண்ணிப் பார்க்கத்தக்கது. வேக லென்ஸ் தோன்றியது குறைந்த ஒளியில் காண்பதற்காக. சூழலை அழிப்பதற்காக அன்று. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் வேகம் என்பது யாதெனத் தெளிதல் நன்று. லென்ஸின் குவியத் தூரத்தை அதன் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் துளை 25 மி.மீ. அகன்றிருந்தால் அஃது எஃப் 2. எண் சிறுத்தால் துளை பெருக்கும். ஒளி மிகுதியாக உட்புகும். ஆகவே ஷட்டர் விரைந்து மூடலாம். வேகம் என்னும் பெயர் வந்தது இதனால்தான். 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்னும் வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒளி பாதியாகக் குறைகிறது. காமிராவுடன் வழக்கமாகத் தரப்படும் ஜூம் லென்ஸ், நீண்ட முனையில் எஃப் 5.6 அளவே திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை வாங்கிக் கொள்ளும்.

ஒளி மிகுந்தால் நன்மைதானே எனலாம். ஆனால் துளை அகல அகல வேறொன்று குறைகிறது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒளியியல் பற்றிப் பெருநூல் செய்தவர். கிரகணத்தின் வடிவம் குறித்துத் தனிநூல் ஒன்றும் எழுதினார். கிரகண காலத்துச் சூரியனின் பிறை வடிவம், சிறு துளை வழியே பாயும்போது பிறையாகவே விழுகிறது. துளை பெரிதானால் வட்டமாகிவிடுகிறது. இதன் காரணத்தை அவர் அந்நூலில் ஆராய்ந்தார். அங்கு லென்ஸ் இல்லை, வெறும் துளைதான். எனினும் அகன்ற வாயில் ஒளியைத் தரும், குறுகிய வாயில் உருவத்தைக் காக்கும் என்னும் இழுபறி அன்றே அறியப்பட்டுவிட்டது.

லென்ஸ் பொருத்திய காமிராவில் இவ்விழுபறி 'டெப்த் ஆஃப் ஃபீல்ட்' என்னும் வடிவம் கொள்கிறது. தெளிவாழம் எனத் தமிழில் சொல்லலாம். நாம் குவியப்படுத்திய இடத்திற்கு முன்னும் பின்னுமாக எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுகிறதோ அதுவே தெளிவாழம். துளை அகன்றால் அது குறுகும். பொருளை நெருங்கினால் குறுகும். நின்ற இடத்திலிருந்தே நீண்ட குவியத் தூர லென்ஸை மாட்டினாலும் குறுகும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள காமிராவில் 50 மி.மீ. லென்ஸ் மாட்டி, 2 மீட்டர் தொலைவில் ஒருவரைப் படமெடுப்பதாகக் கொள்வோம். எஃப் 1.8 இல் தெளிவாழம் சுமார் 17 செ.மீ.; எஃப் 8 இல் சுமார் 78 செ.மீ. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் எஃப் 1.8 இல் எஞ்சுவது 4 செ.மீ. மட்டுமே. கண் தெளிந்திருக்கும், காது கலங்கிவிடும். 3 மீட்டர் தொலைவில் குடும்பத்தார் இரு வரிசையாக அமர்ந்தால் எஃப் 1.8 தருவது 40 செ.மீ. அளவே. முன்வரிசைப் பேரன் தெளிவாக இருப்பான். பின்வரிசைப் பாட்டனார் மங்கிப் போவார். எஃப் 5.6 ஆக்கினால் ஒன்றே கால் மீட்டர் கிடைக்கும், இருவரும் பிழைப்பர்.

வேக லென்ஸின் உண்மைப் பெருமை வேறிடத்தில் உள்ளது. 1840இல் ஜோசப் பெட்ஸ்வால் எஃப் 3.6 அளவில் லென்ஸ் ஒன்றை வகுத்தார். முகப்படத்திற்காக நெடுநேரம் அசையாது அமர்ந்திருந்த மக்களின் துன்பத்தை அது பெரிதும் குறைத்தது. 1924இல் ஜெர்மனியில் எர்மனாக்ஸ் என்னும் காமிரா எஃப் 2 லென்ஸோடு வந்தது. அதனைக் கொண்டு எரிக் சாலமன், நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாட்டுக் கூடங்களிலும் ஃபிளாஷ் விளக்கு இன்றி, உள்ள ஒளியிலேயே தலைவர்களைப் படம் பிடித்தார். 1975இல் வெளிவந்த 'பாரி லிண்டன்' திரைப்படத்தில் ஸ்டான்லி குப்ரிக், நாசா நிறுவனத்திற்கென ஸைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸைப் பயன்படுத்தி மெழுகுவத்தி ஒளியிலேயே காட்சிகளை எடுத்தார். தெளிவாழம் மிகக் குறுகியமையால் நடிகர்கள் தம் அசைவுகளைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. அங்கே மங்கல் என்பது ஒளிக்குக் கொடுத்த விலை. இன்று நம் இளைஞர்களோ நண்பகல் வெயிலில் நின்றுகொண்டு அந்த விலையையே பொருளாக வாங்குகின்றனர்.

மறுபுறம் நின்ற கலைஞரும் உளர். 1932இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் கூடி, மிகக் குறுகிய துளையின் பெயரையே தம் குழுவுக்கு 'எஃப் 64' எனச் சூட்டினர். அருகிலுள்ள கல்லும் தொலைவிலுள்ள மலையும் ஒருசேரத் தெளிந்திருக்க வேண்டும் என்பது அவர்தம் நெறி. 1941இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட், முன்னால் இருப்பவரையும் அறையின் கோடியில் இருப்பவரையும் ஒரே சட்டத்துள் தெளிவாக நிறுத்திக் காட்டினார்.

தமிழ் பயின்றோர்க்கு இஃது அயலான செய்தியன்று. தொல்காப்பியம் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் பறவையும் தொழிலும் உணவும் கருப்பொருள். மனித உள்ளத்தின் ஒழுக்கம் உரிப்பொருள். உரியே உயிர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அகப்பாடல், தலைவன் தலைவியரின் பெயரைக் கூடச் சொல்லாது மறைக்குமேயன்றி, அவர்தம் நிலத்தை எளிதில் மறைப்பதில்லை. நெய்தல் நிலம் இன்றி அவள் இரங்கல் விளங்குவதில்லை. பின்புலத்தை முற்றும் கரைத்த படம், முதலும் கருவும் இழந்து உரியை மட்டும் தாங்கித் தவிக்கும் பாட்டுக்கு ஒப்பாகும்.

நம் வீடுகளிலுள்ள பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். மறைந்த பெரியவரின் முகத்தை ஒருமுறை பார்த்தபின் கண் எங்கே செல்கிறது? அவர் பின்னால் உள்ள ஓட்டுத் திண்ணைக்கு. சாத்தி வைத்த மிதிவண்டிக்கு. பாதி தெரியும் கடைப் பலகைக்கு. இடிக்கப்பட்ட வீடும் மாறிப்போன தெருவும் அந்த ஓரங்களில்தான் உயிர் வாழ்கின்றன. எடுத்தவர் அவற்றை எண்ணி எடுக்கவில்லை. லென்ஸ் காத்துக் கொடுத்தது. இன்று நாம் எடுக்கும் படங்களை 40 ஆண்டுகள் கழித்துக் காணப் போகிறவர்களுக்கு முகம் கிடைக்கும்; ஊர் கிடைக்குமா?

பின்புலம் அலங்கோலமாக இருந்தால் என் செய்வது எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. இரண்டடி நகர்ந்து நில்லுங்கள். சற்றுத் தாழ்ந்து பாருங்கள். அவரை நல்ல சுவரருகே அமரச் செய்யுங்கள். காலால் தீரும் குறையைக் காசால் தீர்க்க வேண்டியதில்லை. கைப்பேசிக் காமிராவின் குவியத் தூரம் சில மில்லிமீட்டரே ஆதலின் அதற்குத் தெளிவாழம் இயல்பிலேயே மிகுதி. அந்த நற்பேற்றையும் மென்பொருள் கொண்டு செயற்கையாக மங்கச் செய்து, காதோரக் கூந்தலையும் தலைத்துணியின் விளிம்பையும் சேர்த்தே அழித்துக் கொள்கிறோம்.

வேக லென்ஸ் வேண்டா என்பது என் கருத்தன்று. நிக்காஹ் நடக்கும் கூடத்திலும், நோன்பு துறக்கும் அந்தி நேரத்திலும், மேடையின் மங்கிய விளக்கிலும் அதுவே துணை. வாங்குவோர் 50 மி.மீ. எஃப் 1.8 இல் தொடங்கலாம். பல நிறுவனங்களின் பட்டியலில் மலிவான லென்ஸ் அதுவே. எஃப் 1.4 க்கு விலை வெகுவாக ஏறும். மிகும் ஒளியோ ஒன்றரை மடங்கிற்குச் சற்று அதிகம், அவ்வளவே. சிறிய சென்சார் உள்ள காமிராவில் 50 மி.மீ. பார்வை குறுகுவதால் வீட்டறைக்கு 35 மி.மீ. ஏற்றது. எந்த லென்ஸும் முழுத் திறப்பைவிட ஓரிரு படி மூடியபின் பெரும்பாலும் கூர்மையாகப் பதியும் என்பதையும் நினைவிற் கொள்க.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனார் பாட்டியாரைப் படமெடுங்கள். முகத்திற்காக எஃப் 1.8 இல் ஒன்று எடுங்கள். பின்னர் எஃப் 8 இல், நான்கைந்து அடி பின்வாங்கி நின்று, வாசலும் தெருவும் தெரிய இன்னொன்று எடுங்கள். இரண்டையும் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் ஊரும் நாளும் எழுதி வையுங்கள். முதற்படத்தை நீங்கள் விரும்புவீர்கள். இரண்டாவதை உங்கள் பேரர்கள் தேடுவார்கள்.