செல்போன் வந்ததால் கம்ப்யூட்டருக்குச் சீட்டு கிழிந்து விட்டதா?

சிவகாசி:

ஒரு காலண்டர். அதில் ஒரு போன் நம்பர். அந்த நம்பரில் ஒரே ஒரு எண் தப்பு. விவகாரம் போலீஸ் நிலையம் வரை வந்து விட்டது!

கொஞ்ச நாளைக்கு முன்பு சிவகாசியில் நடந்த சங்கதி இது. வெளியூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் 2 ஆயிரம் தினசரி காலண்டருக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். அச்சகத்தில் இருந்து மாதிரியை வாட்ஸ்-அப்பில் அனுப்பினார்கள். கடைக்காரர் பஸ்சில் நின்றபடியே செல்போனில் பார்த்தார். "ஓ.கே." என்று தட்டி விட்டார். அச்சடித்து, பார்சல் போய்ச் சேர்ந்த பிறகுதான் குட்டு உடைந்தது. கடை நம்பரில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 9!

"நீங்கதானே ஓ.கே. சொன்னீங்க, அண்ணாச்சி?" என்றார் அச்சகக்காரர்.

"இம்புட்டூண்டு திரையில எனக்கு என்னய்யா தெரியும்?" என்றார் கடைக்காரர்.

செய்தி சேகரிக்கப் போன நானும் ஓரமாக நின்று கேட்டேன். போலீசார் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். நஷ்டம் ஆளுக்குப் பாதி என்று சமரசம் ஆனது. வழக்கு இல்லை.

அந்தக் காலண்டரை உருவாக்கியது கம்ப்யூட்டரில். சரி பார்த்தது செல்போனில். "இனி கம்ப்யூட்டர் எதுக்கு? எல்லாம் செல்லுலயே முடிஞ்சிடுதே" என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

செல்போன் ராஜ்யம்

செல்போனைக் குறை சொல்ல நான் வரவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சிக்கு அது போதும். கணக்கு, வரவு, சரக்கு ஆர்டர் எல்லாம் அதிலேயே முடிகிறது. வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி வையுங்கள் என்று அவரிடம் சொன்னால் சிரிப்பார்.

2007-ல் ஐ-போன் வந்தது. 2010-ல் ஐ-பேட் வந்தது. அந்த 2010-லேயே ஆப்பிள் கம்பெனித் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், கம்ப்யூட்டரை லாரிக்கு ஒப்பிட்டுப் பேசினார். நகரங்கள் வளர வளர ஜனங்கள் காருக்கு மாறினார்கள். லாரி வேண்டியவர்கள் குறைந்தார்கள். அது போலத்தான் இதுவும் என்பது அவர் கணக்கு.

கணக்கு பாதி பலித்தது. 2016 அக்டோபரில், கம்ப்யூட்டரில் இன்டர்நெட் பார்ப்பதை விட செல்போனிலும் டேப்லெட்டிலும் பார்ப்பது உலக அளவில் முதல் தடவையாக அதிகமானது. நம் நாட்டில் அதே 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, டேட்டா விலை சரிந்தது. அதற்குப் பிறகு செல்போன் இல்லாத கை ஏது?

ஆனால் லாரி நின்று விட்டதா? இல்லையே! கொரோனா வந்து வீட்டில் இருந்தே வேலை, வீட்டில் இருந்தே படிப்பு என்று ஆனதும், கம்ப்யூட்டருக்குத் திண்டாட்டம் ஏற்பட்டது. 2021-ம் வருஷம் மட்டும் உலகம் முழுக்க சுமார் 35 கோடி கம்ப்யூட்டர்கள் (லேப்-டாப் சேர்த்து) சந்தைக்குப் போயின. பிறகு குறைந்தது உண்மை. குறைந்தும் 2024-ல் சுமார் 26 கோடி. செத்துப் போனதாகச் சொல்லப்பட்ட ஆசாமி, எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்ட கதைதான்!

லாரியின் அருமையை சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் ஊரை விட்டு வெளியே போவது லாரியில்தானே?

பிளேட் வராது தம்பி!

1922-ல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே? அதில் இருந்து இந்த ஊரில் அச்சுத் தொழில் வளர்ந்தது. கல் அச்சு போய் ஆப்செட் வந்தது. ஓவியர் கையால் வரைந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு வருஷமும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகிறதே, அதில் உள்ள ஒவ்வொரு பக்கமும் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஏன் செல்போனில் முடியாது? எனக்குத் தெரிந்த டி.டி.பி. ஆபரேட்டர் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். அவர் மூன்று சங்கதி சொன்னார்.

முதலாவது படம். வாட்ஸ்-அப்பில் போட்டோ அனுப்பினால் அது சுருங்கித்தான் வந்து சேருகிறது. செல்போனில் பளிச்சென்று தெரியும். காலண்டர் அளவுக்குப் பெரிதாக்கினால் முகம் கலங்கி விடும். (கடைக்காரர்கள் கவனிக்க: போட்டோவை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் சுருங்காது.)

இரண்டாவது கலர். செல்போன் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சத்தில் படம் காட்டுகிறது. காகிதத்தில் விழுவதோ நான்கு மை. நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. திரையில் மின்னிய பட்டுப் புடவை காகிதத்தில் அப்படியே மின்னாது. அதை முன்கூட்டியே பார்த்துச் சரி பண்ண வேண்டும்.

மூன்றாவது எழுத்து. செல்போனில் அடிக்கிற தமிழ் யூனிகோடு முறையில் வருகிறது. பல அச்சகங்களில் இன்னமும் பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் உள்ளன. மாற்றிப் போடும்போது கொம்பும் காலும் இடம் மாறி விடும். ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும்.

கடைசியில் அவர் சொன்னதுதான் முத்தாய்ப்பு: "செல்லுல ஆர்டர் வரும். செல்லுல துட்டும் வரும். பிளேட் வராது தம்பி!"

சிலர் கேட்கலாம். செல்போனையே டி.வி. மாதிரி பெரிய திரையில் மாட்டி வேலை செய்ய வழி வந்து விட்டதே என்று. உண்மைதான். சாம்சங் கம்பெனி 2017-லேயே அதைக் கொண்டு வந்தது. ஆனால் பெரிய திரை, கீ-போர்டு, மவுஸ் எல்லாம் வாங்கி மேஜையில் வைத்து உட்கார்ந்த பிறகு, அதற்குப் பெயர் செல்போனா, கம்ப்யூட்டரா?

யாருக்கு நஷ்டம்?

அதே அச்சகத்தில் நான் இருந்தபோது ஒரு வாலிபர் வேலை கேட்டு வந்தார். பிளஸ்-2 பாஸ். அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறார். ஆலைக்குள் செல்போன் கொண்டு போக அனுமதி இல்லை. ஆகவே பகல் முழுக்க அது மகன் கையில்தான். கட்டை விரலால் அவர் அடிக்கிற வேகத்தைப் பார்த்தால் நமக்கே மலைப்பாக இருக்கும்.

கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார்கள். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடினார். அடித்ததை எங்கே சேமிப்பது என்று தெரியவில்லை. "கத்துக்கிட்டு வா தம்பி" என்று அனுப்பி விட்டார்கள். தலையைக் குனிந்தபடி போனார்.

அவருக்கு அறிவு குறைவா? இல்லை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அவ்வளவுதான்.

மத்திய அரசு 2017-18-ல் எடுத்த கணக்குப்படி, நாட்டில் நகரத்தில் 100 வீட்டுக்கு 23 வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. கிராமத்தில் 100-க்கு 4. அரசாங்கத்தில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போக டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டும் கேட்கிறார்கள். கட்டை விரல் வேகத்துக்கு அங்கே மார்க் கிடையாது!

முதலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர், தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குச் செல்போன் என்று ஊர் இரண்டாகப் பிரிந்தால் என்ன ஆகும்? ஒரு பிள்ளை காலண்டர் போடும். இன்னொரு பிள்ளை அதை செல்போனில் பார்த்து 'லைக்' போடும்.

லேப்-டாப் வந்தது, ஆனால்...

2011 செப்டம்பர் 15-ந் தேதி அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா, மாணவர்களுக்கு இலவச லேப்-டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிறகு அது நின்று போனது. 2025 மார்ச் 14-ந் தேதி சட்டசபையில் பட்ஜெட் வாசித்த தங்கம் தென்னரசு (நம்ம மாவட்டத்துத் திருச்சுழி தொகுதியில் ஜெயித்தவர்) 2 வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்-டாப், விருப்பப்படி கொடுக்கப்படும் என்று அறிவித்தார். 2026 ஜனவரியில் மாணவர்கள் கைக்கு வந்தது லேப்-டாப். அதுதான் சரி. படிக்கிற பிள்ளைக்குப் பார்க்கிற கருவி வீட்டில் ஏற்கனவே இருக்கிறது. செய்கிற கருவிதான் இல்லை.

ஆனால் அது கல்லூரிக்குப் போனவர்களுக்கு. பிளஸ்-2-வோடு நின்றவர்களுக்கு யார் கொடுப்பது? நானும் பள்ளிக்கூடத்தோடு நின்றவன்தான். ராத்திரி எல்லோரும் போன பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டித் தடவிக் கற்றுக் கொண்டேன். இந்தக் கட்டுரைக்குக் குறிப்பு எடுத்தது செல்போனில். எழுதியது கம்ப்யூட்டரில்.

சிவகாசி 2021-ல் மாநகராட்சி ஆகி விட்டது. வேலைக்குப் போகிற பிள்ளைகளும் வந்து போகிற மாதிரி, சாயங்காலம் 6 மணி முதல் 9 மணி வரை ஒரு அறை. அதில் பத்துக் கம்ப்யூட்டர். சொல்லிக் கொடுக்க ஒரு ஆள். அச்சக முதலாளிகள் மாற்றிப் போடுகிற பழைய மிஷின்களைக் கொடுத்தாலே போதும். அங்கே கற்றுக் கொள்கிற பிள்ளைகள் நாளைக்கு அவர்கள் அச்சகத்துக்குத்தானே வேலைக்கு வரப் போகிறார்கள்?

தலை குனிந்து போன அந்த வாலிபர் திரும்பி வந்து நிமிர்ந்து உட்கார வேண்டாமா?

மாநகராட்சி கவனிக்குமா? முதலாளிமார் மனது வைப்பார்களா?