மறுத்தவர்கள் தடுக்கவில்லை

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் உள்ள பரவூர் புற்றிங்கல் தேவி கோயிலில் 2016 ஏப்ரல் 10 அதிகாலையில் வெடித்துச் சிதறிய வெடிமருந்து, சட்டப்படி அன்று அங்கே இருந்திருக்கவே கூடாது. இரண்டு நாள் முன்பே, ஏப்ரல் 8 அன்று, போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. ஆனாலும் மீன பரணி விழாவின் இரவில் வேடிக்கை தொடங்கியது, மணிக்கணக்கில் நடந்தது, ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று பார்த்தார்கள். காவலர்களும் அங்கே இருந்தார்கள். மூன்று மணியைக் கடந்த வேளையில் வெடிகளைக் குவித்து வைத்திருந்த கம்பப்புரையில் தீப்பொறி விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கான்கிரீட் துண்டுகள் பறந்து போய்ச் சுற்றியிருந்த வீடுகளின் மேல் விழுந்தன.

இதை விபத்து என்றுதான் எல்லோரும் எழுதினோம். ஆனால் இந்த ஆபத்தைப் பற்றி நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரியும். கோயிலை ஒட்டி வசித்த ஒரு மூதாட்டியின் குடும்பம், வெடியின் அதிர்வில் வீடு சேதமாகிறது, எரிந்த மிச்சங்கள் கூரையில் வந்து விழுகின்றன, திருவிழா வந்தாலே வீட்டில் இருக்க முடியவில்லை என்று ஆட்சியரிடம் புகார் கொடுத்திருந்தது. அப்படிப் புகார் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது ஊரில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். வெடிச்சத்தம் தாங்கவில்லை என்று சொன்னால் அம்மனுக்கு எதிராகப் பேசுவதாக ஊர் எடுத்துக்கொள்ளும். புகார் கொடுத்ததற்காக மிரட்டப்பட்டதாகவும் அந்தக் குடும்பத்தினர் பின்னர் கூறினார்கள்.

அவர்களுடைய புகாரைக் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அதிகாரிகள் விசாரித்தார்கள். அறிக்கைகள் கேட்டார்கள். அனுமதி இல்லை என்று எழுத்தில் முடிவும் எடுத்தார்கள். அதனால்தான் புற்றிங்கல் என்னை இத்தனை ஆண்டுகளாக உறுத்துகிறது. அலட்சியமான ஓர் அலுவலகம் கோப்பைத் திறக்காமலே விட்டிருந்தால் கோபப்பட்டு முடித்துவிடலாம். இங்கே கோப்பு திறக்கப்பட்டது, சரியான முடிவும் எடுக்கப்பட்டது. அந்த முடிவை கோயில் மைதானம் வரை நடந்து கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் இல்லை.

விபத்துக்குப் பிறகு மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் ஒன்றன்மேல் ஒன்று வெளிப்படையாகப் பழிசுமத்தின. தடையை அமல்படுத்தாதது போலீஸின் குற்றம் என்றது ஒரு தரப்பு. தங்களுக்குத் தெளிவான தகவல் இல்லை என்றது மறுதரப்பு. வாய்மொழியாக அனுமதி கிடைத்துவிட்டதாகக் கோயில் தரப்பு சொன்னதைப் போலீஸ் நம்பியதாகவும் செய்திகள் வந்தன. எழுத்தில் இருக்கும் ஒரு மறுப்பை, யாரோ சொன்ன ஒரு வாய்ச்சொல் எப்படி வெல்ல முடிந்தது? அடுத்த மாதம் சட்டமன்றத் தேர்தல். திருவிழாவை நிறுத்தியவர் என்ற பெயரை வாங்கிக்கொள்ள யாருக்கும் மனம் வராத காலம் அது. மறுத்து எழுதுவதோடு தன் கடமை முடிந்தது என்று ஆட்சியர் அலுவலகம் இருந்தது. தடுக்கச் சொல்லித் திட்டவட்டமான கட்டளை வரவில்லை என்று காவல் நிலையம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் அந்த வெடிமருந்து இறங்கியது.

இந்த இடைவெளி தற்செயலாக விழுந்ததும் இல்லை. வாணவேடிக்கைக்கு உரிமம் தரும் அதிகாரம் வெடிபொருள் சட்டத்தின் கீழ் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறது. பெரிய கிடங்குகளையும் வெடிகளின் தரத்தையும் கவனிப்பது மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. சத்தத்தின் அளவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. கூட்டம் போலீஸின் பொறுப்பு. உள்ளாட்சியில் அதிகாரத்தைப் பரவலாக்கியதற்காக நாடே பாராட்டும் மாநிலம் கேரளம். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தை நாமெல்லாம் எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எந்தக் கொட்டகையில் சரக்கு இறங்கியிருக்கிறது, எந்தச் சந்தில் வண்டி நிற்கிறது என்று அறிந்தவர் நகராட்சி வார்டு உறுப்பினர்தான். இந்த விஷயத்தில் அவருக்குத் தீர்மானமான பங்கு எதுவும் இல்லை. அதிகாரம் இருப்பவருக்கு இடம் தெரியாது. இடம் தெரிந்தவருக்கு அதிகாரம் கிடையாது.

இன்னொன்று, நேரம். விழா 9-ஆம் தேதி இரவு என்றால் 8-ஆம் தேதி மறுப்பு வருகிறது. அதற்குள் ஒப்பந்தக்காரர்களுக்கு முன்பணம் போயிருக்கும், நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், சரக்கு வந்திருக்கும், சொந்தபந்தங்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். அந்தக் கட்டத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் பல்லாயிரம் பேருக்கு முன்னால் போய் நின்று நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். நடைமுறையில் அது முடியாது என்பது மறுப்பில் கையெழுத்துப் போடுபவருக்கும் தெரியும். உண்மையிலேயே தடுக்க நினைப்பவர்கள் வெடிமருந்து வந்து இறங்குவதற்கு முன்பே தடுப்பார்கள், இறங்கிவிட்டால் கைப்பற்றுவார்கள். விபத்துக்கு மறுநாள், கோயிலுக்கு அருகே வெடிபொருள் ஏற்றிய கார்கள் நின்றிருந்ததைப் போலீஸ் கண்டுபிடித்தது. மறுநாள் கண்ணில் பட்ட அந்த வண்டிகள் முந்தின நாள் ஏன் படவில்லை என்ற கேள்விக்குத்தான் அந்த அலுவலகங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

நீதிமன்றம் உடனே அசைந்தது. உயர் நீதிமன்ற நீதிபதி வி.சிதம்பரேஷ் எழுதிய கடிதத்தையே பொதுநல மனுவாக ஏற்று, ஏப்ரல் 12 அன்று, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை வழிபாட்டுத் தலங்களில் பெருஞ்சத்த வெடிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. விபத்தை விசாரித்த நீதிபதி பி.எஸ்.கோபிநாதன் ஆணையம் 2019-இல் அறிக்கை தந்தது. குற்றப்பிரிவு 59 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது 2020-இல். விபத்து நடந்து நான்கு ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருந்தது.

இதற்கிடையே பாடம் படித்தார்களா? 2024 பிப்ரவரி 12 அன்று எர்ணாகுளத்தை அடுத்த திருப்பூணித்துறையில், புதியகாவு கோயில் விழாவுக்குக் கொண்டுவந்த வெடிகள் குடியிருப்புக்கு நடுவே இறக்கப்படும்போது வெடித்தன. இருவர் இறந்தனர்; சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமடைந்தன. அங்கேயும் அனுமதி கிடையாது. அதே ஆண்டு அக்டோபர் 28 இரவு, காசர்கோடு மாவட்டம் நீலேஸ்வரத்தில் தெய்யம் பார்க்கக் கூடியிருந்தவர்களுக்குப் பக்கத்திலேயே வெடிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பொறி விழுந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அவர்களில் சிலர் மருத்துவமனையில் இறந்தார்கள். உரிமம் இல்லாமல் வெடித்தது இது மூன்றாம் முறை.

சரக்கைத் தேடிப் பறிமுதல் செய்யுங்கள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தது நீதிமன்றம். 2023 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், வழிபாட்டுத் தலங்களில் சட்டவிரோதமாக வைத்திருக்கும் வெடிகளைச் சோதனையிட்டுக் கைப்பற்றும்படி ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டார். மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. சில நாள்களிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அந்தச் சோதனை உத்தரவை நீக்கியது. புகார் எதுவும் இல்லாத இடங்களையும் சேர்த்துப் பொதுவாக உத்தரவிட்டது அதிகப்படி என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதை ஏற்கிறேன். ஆனால் புகார் வந்து, விசாரித்து, அனுமதியும் மறுத்துவிட்ட இடங்களில் சோதனையிடுவதற்கு எந்த நீதிமன்றத்தின் உத்தரவும் தேவையில்லையே. நீலேஸ்வரம் நடந்தது இதற்கு ஓராண்டுக்குள்.

எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழகத்தில், நாமும் வாய் திறந்து பேசும் நிலையில் இல்லை. தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே வெடிக்கலாம் என்று 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மீறல் நடந்தால் அந்தந்தக் காவல் நிலைய அதிகாரியே தனிப்பட்ட முறையில் பொறுப்பு என்றும் சொன்னது. தமிழக அரசு கேட்டுக்கொண்டதால் நேரத்தை மாநிலமே வகுத்துக்கொள்ள அனுமதி கிடைத்து, காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அறிவித்தோம். மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டர் அமைதிப் பகுதி என்ற விதி அதற்கும் பல ஆண்டுகள் முந்தையது. பண்டிகை முடிந்ததும் இத்தனை வழக்குகள் என்று ஒரு எண்ணிக்கை வெளியாகிறது. நள்ளிரவில் தெருவில் அணுகுண்டு வெடிக்கும்போது, கைக்குழந்தையோடு அல்லது மூச்சுத்திணறும் பெரியவரோடு இருப்பவர் போன் செய்தால் யார் வருவார்கள்? பொறுப்பாக்கப்பட்ட அதிகாரிகளில் யார் பதில் சொல்லியிருக்கிறார்?

திருவிழாவை யாரும் எதிர்க்கவில்லை. புற்றிங்கலில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அம்மனைக் கும்பிட வந்தவர்கள். அவர்களையும் சேர்த்துத்தான் அந்தக் குடும்பத்தின் புகார் காப்பாற்றப் பார்த்தது.

செய்ய வேண்டியவை சிரமமானவையும் அல்ல. வாணவேடிக்கை விண்ணப்பத்தின் மேல் விழாவுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே முடிவு சொல்லிவிட வேண்டும். மறுத்தால், சரக்கு எங்கே இருக்கிறது, யாருடையது என்று அதே ஆணையில் கேட்டு, அது அப்புறப்படுத்தப்பட்டதை வருவாய்த் துறையும் போலீஸும் சேர்ந்து போய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தச் சோதனையில் வார்டு உறுப்பினருக்கு இடம் தர வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயரை ஊர் முழுக்கப் பரவவிடக் கூடாது. ஆனால் மறுப்பாணையின் நகல் அவர் கைக்குப் போக வேண்டும். அதில் அந்த இரவில் பொறுப்பிலிருக்கும் ஓர் அதிகாரியின் பெயரும், அவர் எடுத்துப் பேசும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.