நூற்றில் ஒருவர்கூட இல்லையா?

“டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைதானே, உண்மையான வலிக்குச் சாப்பிட்டால் யாரும் அடிமையாகிவிட மாட்டார்கள்.” ஆக்சிகோடோன் போன்ற வீரியமான ஓபியாய்டு வலிமருந்துகளைப் பற்றி இன்றும் இப்படிச் சொல்கிறார்கள். அமெரிக்கா இதை முழுமனதோடு நம்பியது. 1999 முதல் 2021 வரை ஓபியாய்டை அளவுக்கு மீறி எடுத்து அங்கே இறந்தவர்கள் ஏறக்குறைய 6,45,000 பேர். கள்ளச்சந்தை ஹெராயினும் ஃபென்டனிலும் இந்தக் கணக்கில் அடக்கம்தான். ஆனால் முதல் அலை கிளம்பியது டாக்டர்களின் மருந்துச் சீட்டிலிருந்து.

அடிமையாகிறவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்றார்கள். இதற்கு அதிகம் காட்டப்பட்ட ஆதாரம், 1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஜேன் போர்ட்டரும் ஹெர்ஷல் ஜிக்கும் எழுதிய ஒரு கடிதம். ஆய்வுக் கட்டுரைகூட இல்லை, ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் இருந்தபோது ஒரு தடவையாவது இந்த வகை மருந்தைப் பெற்ற 11,882 பேரில் நால்வர் மட்டுமே அடிமையானதாகப் பதிவாகியிருந்தது என்பது அதன் சாரம். வீட்டுக்குப் போனபின் அவர்கள் என்ன ஆனார்கள் என்று கடிதம் சொல்லவில்லை. முதுகுவலிக்கு மாதக்கணக்கில் வீட்டில் மாத்திரை விழுங்குகிறவருக்கு இது எப்படிப் பொருந்தும்? 2017இல் அதே இதழில் வந்த ஓர் அலசல், இக்கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 வெளியீடுகளைப் புரட்டிப் பார்த்தது. ஐந்தில் நான்கு, அந்த 11,882 பேரும் உள்நோயாளிகள் என்பதையே குறிப்பிடவில்லை. நாள்பட்ட வலிக்காக மருந்து எடுப்பவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2015இல் தொகுத்தபோது, அடிமையானவர்கள் சராசரியாக நூற்றுக்கு 8 முதல் 12 பேர் எனத் தெரிந்தது.

மருந்து மெல்லக் கசிந்தால் பழகாது என்பது அடுத்த வாதம். 1996இல் சந்தைக்கு வந்த ஆக்சிகான்டின் என்ற ஆக்சிகோடோன் மாத்திரையை பர்டூ ஃபார்மா நிறுவனம் இப்படிச் சொல்லித்தான் விற்றது. 12 மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை போதும் என்றது. பலருக்கு அதற்கு வெகுமுன்பே மருந்தின் வேகம் அடங்கிவிட்டது. அடங்கினால் மூக்கு ஒழுகும், வியர்த்துக் கொட்டும், எலும்பெல்லாம் குடையும், வயிறு கலங்கும். பழைய வலியும் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். நோயாளியின் கண் கடிகாரத்தைவிட்டு நகராது. அடுத்த மாத்திரை உள்ளே போனதும் எல்லாம் ஓய்ந்துவிடும். தினமும் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஆளாகும் மூளை மருந்தைத் தேடப் பழகிவிடுகிறது. நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதிகளோ, இடைவெளியைக் குறைக்காதீர்கள், டோஸைக் கூட்டுங்கள் என்று டாக்டர்களிடம் சொன்னார்கள். அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று தவறாகச் சொல்லி விற்ற குற்றத்தை 2007இல் பர்டூவோடு தொடர்புடைய நிறுவனம் ஒன்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

நோயாளி கூடுதலாகக் கேட்டால் வலி சரியாகத் தீரவில்லை என்றே கொள்ள வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. 1989இல் 17 வயது ரத்தப் புற்றுநோயாளி ஒருவரை வைத்து எழுந்த கருத்து அது. ஒரே ஒருவரை வைத்து!

குறை மருந்தில் இல்லை, ஆளிடம்தான் என்கிற பேச்சுதான் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது. தவறாகப் பயன்படுத்துகிறவர்களே குற்றவாளிகள் என்று 2001இல் பர்டூவின் அப்போதைய தலைவர் ரிச்சர்ட் சாக்லர் மின்னஞ்சலில் எழுதினார். சில வாரங்கள் விடாமல் எடுத்தால் யார் உடம்பும் இந்த மருந்துக்குப் பழகும். உடம்பு பழகிய எல்லோரும் அடிமையாவதில்லை. ஆனால் யார் ஆவார் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல வழியில்லை. மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் முதுகைக் கெடுத்துக்கொண்டு டாக்டரிடம் போன தொழிலாளி என்ன ஒழுக்கம் கெட்டுப் போனார்?

நாள்பட்ட வலிக்கு வேறு வழியில்லை என்பதும் நிற்கவில்லை. மினியாபொலிஸில் முதுகுவலியோ மூட்டுவலியோ இருந்த 240 முன்னாள் படைவீரர்களிடம் ஓராண்டு நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. அன்றாட வேலைகளைச் செய்வதில் ஓபியாய்டு எடுத்தவர்கள் மற்றவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை; வலி சற்றுக் குறைவாக இருந்ததும் ஓபியாய்டு அல்லாத சாதாரண மருந்து எடுத்தவர்களுக்கே.

இதைக் காரணம் காட்டிப் புற்றுநோயில் துடிக்கிறவருக்கு மார்ஃபினை மறுத்துவிடக் கூடாது. இந்தியாவில் 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியதே அத்தகையவர்களுக்கு அது தடையின்றிக் கிடைக்கத்தான். பல் பிடுங்கியதற்கும் மூட்டுவலிக்கும் ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்து, “பயப்படாதீங்க, பழகாது” என்று அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன். எத்தனை நாளைக்கு, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதையும் டாக்டர் அதே சீட்டில் எழுதித் தரவேண்டும். ஏற்கெனவே பல வாரமாக எடுத்து வருகிறவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தாமல், டாக்டரைப் பார்த்துக் குறைத்துக்கொள்ள வேண்டும்.