ஜீப்புக்கு வந்த முறுக்கு

வையம்பட்டியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. பொன்னணியாறு அணைக்குப் போகும் பக்கத்தில் தோட்டம். மழை பெய்தால் அந்த மண் பாதையில் வேறு வண்டி போகாது என்று அவருடைய வீட்டுக்காரர் ஆசையோடு வாங்கியது. ஒரு மாதமாக அது படுத்துகிறதாம். தோட்டத்திலிருந்து வந்து திண்டுக்கல் சாலையில் ஏறி, வளைத்துத் திருப்பினால் அடியிலிருந்து 'கடக், கடக்' என்று ஒரு சத்தம். டயர் கீச்சிடுகிறது. ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கிறது. இது போதாதென்று, புறப்படும்போதெல்லாம் தனியாக ஒரு 'டங்'.

மெக்கானிக், "பெட்டியை இறக்கிப் பிரித்தால்தான் தெரியும்" என்று சொல்லி, ஒரு தொகையும் சொல்லியிருக்கிறார். அந்தத் தொகை மூத்த பெண்ணின் கல்லூரிக்கு எடுத்து வைத்திருப்பது. "சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்கிறது, இவர் காதில் விழவில்லை. பணத்தைக் கொடுப்பதா, வேண்டாமா?" என்று கேட்கிறார்.

உங்கள் காதை நம்புங்கள், சகோதரி. கிரைண்டரில் மாவு இறுகினால் கூடத்தில் இருந்தபடியே சொல்லிவிடுகிற காது அது. வண்டி ஓட்டுகிறவரின் காது என்ஜினிலும் எதிரே வருகிற லாரியிலும் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் காலுக்கு அருகில்தான், தகட்டுக்குக் கீழே, அந்த டிரான்ஸ்ஃபர் பெட்டி இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சத்தம் எங்கே கேட்கிறது என்பதை நம்பி இறங்கக் கூடாது. இரும்பு வழியாகச் சத்தம் ஊர் சுற்றும். பின்னால் பிறந்தது முன்னால் கேட்கும். எப்போது கேட்கிறது என்பதுதான் சாட்சி. நீங்கள் நன்றாகவே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்: வளைவில் கேட்கிறது, தார் ரோட்டில் கேட்கிறது, தோட்டத்து மண்ணில் கேட்கவில்லை.

அந்தக் காலத்து ஜீப், 1941-லிருந்து யுத்தத்துக்காகச் சேற்றிலும் மணலிலும் ஓடுவதற்குச் செய்யப்பட்ட வண்டி. 1940-களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் அதைப் பூட்ட ஆரம்பித்தார்கள். பெட்டியிலிருந்து முன்னால் ஒரு ஷாஃப்ட், பின்னால் ஒரு ஷாஃப்ட். சிறிய லீவரைப் போட்டால் இரண்டும் பூட்டிக்கொண்டு ஒரே கணக்காகச் சுற்றும். நேரே போகும் வரையில் சரி. திரும்பும்போதுதான் வம்பு. முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடும். பின் சக்கரங்கள் சிறிய வட்டம் போடும். கல்யாணத்தில் வேஷ்டியையும் புடவையையும் முடிச்சுப் போட்டு அக்கினியை வலம் வரும்போது, வெளிப்பக்கம் நடப்பவர் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறதல்லவா? முடிச்சு குட்டையாக இருந்தால் யாராவது ஒருவர் இழுபடத்தான் வேண்டும்.

ஜீப்பில் இழுபடுவது ஷாஃப்ட். பிழிகிற துணியைப் போல அது முறுக்கிக்கொள்ளும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி, முறுக்கு தானாக இறங்கிவிடும். தார் ரோடு வழுக்க விடாது. முறுக்கு ஏறி ஏறி, டயர் கீச்சிட்டுத் துள்ளும்போது 'கடக்' என்று கொஞ்சம் இறங்கும். லீவரையும் எடுக்க வராது. மணப்பாறைக்குப் பக்கத்துக்காரர்களுக்கு முறுக்கைப் பற்றி நான் சொல்லிக்கொடுப்பது அதிகப் பிரசங்கம்தான்!

"நாலு சக்கரமும் இழுத்தால் பலம்தானே என்று இவர் லீவரை எடுப்பதே இல்லை" என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியைப் படித்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதி கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் இருந்தது. போன மாதம் முன் டயர் இரண்டை மட்டும் புதிதாகப் போட்டீர்களாமே?

புது டயர் உயரம், தேய்ந்த டயர் குட்டை. சக்கரத்தின் மையத்திலிருந்து தரை வரையில் அரை சென்டிமீட்டர் வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 3 சென்டிமீட்டர் கூடக்குறைய வரும். இந்த அளவு சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுற்று சுற்றும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 13, 14 மீட்டர் வழக்கு! லீவர் போட்டிருந்தால் நேர் ரோட்டிலேயே முறுக்கு ஏறிவிடும்.

ஆகவே பணத்தை இப்போது எடுக்காதீர்கள். வண்டியை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, மெதுவாகப் பத்துப் பதினைந்து அடி பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். முறுக்கு இறங்கி லீவர் வந்துவிடும். அதே வளைவில் இரண்டு சக்கர ஓட்டத்தில் திருப்பிப் பாருங்கள். 'கடக்' நின்றுவிட்டால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. நிற்காவிட்டால் மெக்கானிக் சொன்னதைக் கேட்கத்தான் வேண்டும். அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை. ஒர்க்ஷாப் வாசல் மண் தரை என்கிறீர்கள். அங்கே ஓட்டிப் பார்த்தால் பிரம்மாவுக்கும் அந்தச் சத்தம் கேட்காது.

அந்த 'டங்' விஷயம் வேறு. கடிதத்தில் அதை ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அதுதான் கவலையாக இருக்கிறது. புறப்படும்போது ஒன்று, ரிவர்ஸ் போட்டால் ஒன்று, மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போலக் 'கிறீச், கிறீச்'. இப்படி இருந்தால் அநேகமாக ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட் கிரீஸ் இல்லாமல் காய்ந்து தேய்ந்திருக்கும். சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, கீழே குனிந்து ஷாஃப்ட்டை இரண்டு பக்கமும் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். கிராஸில் லொடலொடப்பும் மூடியைச் சுற்றிச் செங்கல் பொடி போலத் துருவும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பெட்டியைப் பிரிப்பதோடு பார்த்தால் இது சின்ன வேலை. ஆனால் தள்ளிப் போடக் கூடாத வேலை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பழைய ஜீப்புகள் பலவற்றில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால், ஷாஃப்ட்டின் தலைப்பில் இருக்கிறது. கிராஸ் உடைந்து பின் ஷாஃப்ட் விழுந்தால், வண்டியை இழுக்கிற சக்தியோடு கைபிரேக்கும் போய்விடும். இரண்டு சக்கர ஓட்டத்தில் இருக்கும்போது கியரில் போட்டு நிறுத்தினாலும் பிடிக்காது. அணைப் பக்கத்துச் சரிவில் நிறுத்திவிட்டு, பின் பெஞ்சில் குழந்தைகளை உட்கார வைத்துவிட்டு இறங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சர் ஒட்டும்போதும் அப்படித்தான். இந்த மாதிரி கைபிரேக்கை நம்பிப் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும். வண்டி ஜாக்கியை விட்டு நழுவிவிடும். கல் வைக்காமல் தூக்கவே கூடாது.

ஜீப் இல்லாத வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ரோடு மாறினால் மாறுகிற 'உம்ம்' டயருடையது. லேசாக இடமும் வலமும் ஒடித்தால் ஏறி இறங்குகிற 'உம்ம்' சக்கர பேரிங்குடையது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பாடி, விட்டால் ஓய்கிற சன்னக் குரல் பெரும்பாலும் ஹவுசிங்கில் உள்ள பல்சக்கரங்களுடையது. முதலில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கியர், எந்த வேகம், மிதித்தபோதா விட்டபோதா என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுத்தால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

வையம்பட்டிச் சகோதரி கிராஸைப் பார்த்த பிறகு ஒரு கார்டு போடவும். தையல் மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருப்பதாகக் கரூர் வாசகி கேட்டிருக்கிறார்; அது அடுத்த வாரம்.