அகாமா என்ற இடத்தில் என்ன எழுதினோம்?

மகன் முதலாம் படிவத்தில் சேர வேண்டிய நேரம். பள்ளி கொடுத்த பாரங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், அடையாள அட்டை எண், முகவரி. அடுத்த வரி, 'அகாமா'. கை தானாக 'இந்து' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகன் கேட்டான்.

"அப்பா, அகாமாங்கிறது மலாய்ச் சொல்லா, அரபுச் சொல்லா?"

"மூலத்துல ரெண்டும் இல்லப்பா. சமஸ்கிருதத்துல இருந்து வந்த சொல். நம்ம கோயில்ல ஆகமம், ஆகம விதின்னு சொல்றாங்கல்ல, அதேதான்."

அவனுக்கு ஒரே பூரிப்பு. எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். வம்பு அங்கேதான் தொடங்கியது.

பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். பக்கத்து நாற்காலி மலாய் நண்பனிடம், "அகாமா எங்க சொல், நீங்க எங்ககிட்ட கடன் வாங்கினது" என்று சொல்லியிருக்கிறான். நண்பன் கோபப்படவில்லை. "அப்படியா? சரி, உங்க சொல்லுக்கு என்ன அர்த்தம், சொல்லு" என்று மட்டும் கேட்டிருக்கிறான். இவனுக்குத் தெரியவில்லை. சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"என்னப்பா அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டான். கோயிலில் ஆயிரம் முறை காதில் விழுந்த சொல். எனக்கும் வாய் வரவில்லை. அன்றிரவு அகராதியையும் சில நூல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். அப்போது தெரிந்துகொண்டதைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

'கம்' என்ற சமஸ்கிருத வேருக்குப் 'போ' என்று பொருள். முன்னால் 'ஆ' சேர்ந்தால் திசை திரும்பிவிடும், 'வா' என்றாகும். ஆகமம் என்றால் வந்தது, வந்து சேர்ந்தது. சங்கமம் என்கிறோமே, ஒன்றாக வந்து கூடுவது, அதிலும் இதே வேர்தான். சைவப் பெரியவர்கள் இதற்கு எழுத்தெழுத்தாகவும் விளக்கம் சொல்வார்கள். சிவனிடமிருந்து வந்தது, பார்வதியின் செவிக்குச் சென்றது, திருமால் ஏற்றுக்கொண்டது என்று மூன்று எழுத்துக்கும் மூன்று பொருள். அது பக்தியில் விளைந்த விளக்கம். ஆனால் அதிலும் நடு நிற்பது ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்பதுதான்.

மற்றச் சமய நூல்களின் பெயர்களோடு வைத்துப் பார்த்தால் இதன் தனித்தன்மை புரியும். வேதம் என்றால் அறிவு. குர்ஆன் என்றால் ஓதப்படுவது. பைபிள் என்ற பெயர் நூல்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சீக்கியர்கள் வணங்கும் கிரந்தம் என்ற சொல்லுக்குக் கோத்துக் கட்டியது என்று பொருள். நம் தமிழில் மறை என்கிறோம், மறைபொருளை உடையது. ஒவ்வொரு பெயரும் ஒரு செயலைச் சொல்கிறது. ஆகமம் சொல்லும் செயல் வருவது. எங்கிருந்தோ கிளம்பி, யார் யார் வழியாகவோ, நம் வாசல் வரை வந்தது.

பெயருக்கேற்றபடி இந்தச் சொல்லும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

சைவத்தில் காமிகம், காரணம் தொடங்கி 28 ஆகமங்களைச் சொல்வார்கள். கோயிலுக்கு இடம் தேர்வது, கருவறை எழுப்புவது, திருவுருவம் நிறுவுவது, அன்றாடப் பூசை, திருவிழா எல்லாவற்றுக்கும் அவற்றில் முறை உண்டு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு படிகளும் அவற்றில் வருபவை. வைணவத்தில் பாஞ்சராத்திரம், வைகானசம் என்று இரு மரபுகள். திருவரங்கத்தில் முன்னது, திருப்பதியில் பின்னது.

சமணர்களின் திருநூல்களுக்கும் ஆகமம் என்றுதான் பெயர். மகாவீரரின் உபதேசம் பல நூற்றாண்டுகள் துறவிகளின் நினைவிலேயே வாழ்ந்தது. குஜராத்தின் வல்லபியில் 5ஆம் நூற்றாண்டில்தான் சுவேதாம்பரர்கள் அதை முறையாக ஏட்டில் ஏற்றினார்கள். அதுவரை வாயிலிருந்து செவிக்கு வந்துகொண்டே இருந்தது.

பௌத்தமும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. புத்தரின் பழைய உரைத் தொகுப்புகளான நான்கு ஆகமங்கள் 4, 5ஆம் நூற்றாண்டுகளில் சீன மொழிக்குப் போயின. அங்கே பெயரை மொழிபெயர்க்காமல் ஒலியை மட்டும் எழுத்தில் பிடித்தார்கள். இன்றைய மாண்டரினில் அதை 'ஆஹான்' என்பார்கள். நம் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி பௌத்த சூத்திரங்கள் படிப்பவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

தமிழ்க் கிறிஸ்தவர்களின் வீட்டில் வேதாகமம் இருக்கும். வேதமும் ஆகமமும் சேர்ந்த பெயர். அதன் முதல் நூல் ஆதியாகமம். தொடர்ந்து யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம். எபிரேய மொழியில் பிறந்த நூல்களுக்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டிய இடத்தில், கோயிலில் புழங்கிய சொல்லையே கூச்சமில்லாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள். கேட்கும் நமக்கும் அது அந்நியமாகத் தோன்றுவதில்லை.

இனி மலாய்க்கு வருவோம். ஜாவாவிலும் மலாய்த் தீவுகளிலும் இந்தச் சொல் மிகப் பழையது. மஜாபாகித் அரசவைக் கவிஞர் பிரபஞ்சா 1365இல் இயற்றிய நூலை நாகரகிரேதாகமா என்றே அறிகிறோம். காலப்போக்கில் சொல்லின் பொருள் விரிந்தது. புனித நூலைக் குறித்தது, அந்த நூல் காட்டும் நெறியைக் குறித்தது, கடைசியில் எல்லா மதத்துக்கும் பொதுப்பெயர் ஆனது.

என்னை வியக்க வைத்தது திரங்கானு கல்வெட்டு. கோலா பெராங்கில் கிடைத்தது. ஜாவி எழுத்தில் உள்ள மிகப் பழைய மலாய்க் கல்வெட்டுகளில் ஒன்று. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இஸ்லாமிய நெறியை நிலைநாட்டச் சொல்லும் அந்தக் கல்லில் இஸ்லாம் என்ற பெயருக்கு முன்னால் நிற்கும் சொல், அகாமா. புதிய நெறி வந்தபோது பழைய சொல்லைத் தூக்கி எறியவில்லை. அந்தச் சொல்லிலேயே அதற்கும் இடம் கொடுத்தார்கள். நோன்பைக் குறிக்கும் புவாசா நம் உபவாசம். சுர்கா, நெராகா இரண்டும் சுவர்க்கம், நரகம். நமது அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு தரும் சமய உரிமைக்கு மலாயில் 'கெபெபாசான் பெராகாமா' என்று பெயர். அங்கேயும் அதே ஆகமம்.

இதையெல்லாம் படித்து முடித்ததும் மகன் சொன்னான். "அப்ப நான் சொன்னது சரிதானேப்பா? எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதானே?"

இங்கேதான் நான் யோசிக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட செய்திகள் நம் புலனக் குழுக்களில் தினமும் வருகின்றன. 'அதுவும் நம்முடையது, இதுவும் நம்முடையது' என்று. படித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்துகிறோம், அடுத்த குழுவுக்கு அனுப்புகிறோம். ஆனால் அந்தச் சொல்லே 'வந்தது' என்று சொல்லும்போது, 'என்னுடையது' என்று யார் சொல்ல முடியும்? நமக்கும் அது வந்ததுதான். சைவருக்கு வந்தது, சமணருக்கு வந்தது, சீனருக்கும் மலாய்க்காரருக்கும் வந்தது. கடன் கொடுத்தவன், வாங்கியவன் என்ற கணக்கு இதில் இல்லை.

"உன் நண்பன் கேட்ட கேள்விதான்டா சரியான கேள்வி" என்றேன். "நம்ம சொல்னு சொல்லிக்கிறோம். ஆனா அர்த்தம் தெரியல. அப்படின்னா அது நம்மகிட்ட வந்து சேரலைன்னுதானே அர்த்தம்?"

அடுத்த வெள்ளிக்கிழமை அவனைக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு குருக்களிடம் கேட்டோம், இந்தக் கோயில் எந்த ஆகமத்தைப் பின்பற்றுகிறது என்று. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "காமிகம்" என்றார். "இத்தன வருஷத்துல இத யாருமே கேட்டதில்ல தம்பி." பிறகு தாம் கற்ற கதையைச் சொன்னார். முதலில் புத்தகம் கிடையாதாம். அப்பா முன்னால் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னதாம். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து.

காரில் திரும்பும்போது மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான், "தாத்தா உங்களுக்கு என்னப்பா சொல்லிக் கொடுத்தாரு?"

தோட்டத்து வீட்டில், மாலை விளக்கேற்றியதும் என் அப்பா தேவாரம் பாடுவார். எனக்கு இரண்டு பதிகம் மனப்பாடம். அதை இவனுக்கு நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. வேலை, போக்குவரத்து நெரிசல், டியூஷன் என்று பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. எத்தனையோ தலைமுறை தாண்டி என்வரை வந்தது, என்னிடம் நின்றுவிட்டது.

பாரத்தில் ஒரு சொல் எழுதி முடித்துவிட்டேன். இப்போது ஞாயிறு மாலைகளில் அப்பாவும் மகனுமாக உட்கார்கிறோம். முதல் பதிகத்தில் நான்கு பாட்டு ஆகியிருக்கிறது. நண்பனிடமும் போய் அர்த்தம் சொல்லிவிட்டானாம். அவனும் தன் தாத்தா குர்ஆன் ஓதச் சொல்லிக் கொடுத்ததைப் பற்றிச் சொன்னானாம்.

உங்கள் வீட்டுக்கு வந்தது என்ன? அது இப்போது யாரிடம் நிற்கிறது? இன்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டுப் பாருங்கள்.