வயிறு ஓட்டுப்பெட்டி அல்ல

பிறக்காத பிள்ளைக்கும் இந்த நாட்டில் சாதி உண்டு. சந்தேகம் இருப்பவர்கள் எங்களைக் கேளுங்கள். என் துணைவியின் வயிற்றில் இருப்பது மூன்று. இன்னும் கண் திறக்கவில்லை, பேர் வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சாதிச் சான்றிதழ் கேட்க இன்னும் அய்ந்து வருஷம் இருக்கிறது. அதற்குள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் எண்ணியவர், நான் வேலை பார்க்கும் வங்கியில் பக்கத்து நாற்காலிக்காரர். கொடுத்த இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்: "மூணா! அப்ப எங்க புள்ளைங்களுக்கு மூணு சீட் போச்சுன்னு சொல்லுங்க." எல்லோரும் சிரித்தார்கள். நகைச்சுவையாம். கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவருக்கு இந்தக் கணக்குக்கூடத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதிகளுக்கு இடஒதுக்கீடு 18 சதவீதம். 2009-ல் அருந்ததியருக்குத் தந்த 3 சதவீதமும் அதற்குள்தான் அடக்கம். நாங்கள் மூன்று பெற்றாலும் முப்பது பெற்றாலும் அந்த 18 பத்தொன்பது ஆகாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்தில் நாங்கள் 20 சதவீதம். ஆக, எங்கள் பங்கிலேயே 2 பாக்கி. யார் சீட்டை யார் தின்றது? மலக்குழியில் இறங்க ஆள் தேடும்போது மட்டும் 'எங்க சீட் போச்சு' என்று ஒருத்தரும் அழுவதில்லையே, ஏன்?

அடுத்து எண்ணியது ஆஸ்பத்திரி. மூன்று கரு தானாகத் தரிப்பது ஏழெட்டாயிரம் பிரசவத்தில் ஒன்று. பெரும்பாலும் 32, 33 வாரத்திலேயே பிறந்துவிடும். நுரையீரல் முற்றியிருக்காது. தாய்க்கு ரத்த அழுத்தம், ரத்தசோகை, பிரசவத்தில் ரத்தப்போக்கு. ஒன்றைக் குறைத்து இரண்டாக்கும் வழி உண்டு, அதில் மொத்தமும் கலைந்துபோகிற ஆபத்தும் உண்டு என்று மூத்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். இது மருத்துவம். இதில் எங்களுக்குச் சண்டை இல்லை. அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "மூணும் இருக்கட்டும்" என்றாள். குறைத்துவிடலாம் என்று சொல்லியிருந்தாலும் அதுவே முடிவு. உடம்பு அவளுடையது.

சண்டை அடுத்த மேசையில். முகவரியில் 'காலனி' என்று இருந்ததைப் பார்த்த ஊழியர் சொன்னார்: "உங்க ஆளுங்களுக்கு எதுலயும் அளவே கிடையாது. பிரசவத்தோட சேத்து ஆபரேஷனும் பண்ணிடுறோம், இப்பவே எழுதிக் குடுத்துட்டுப் போங்க." முதல் கர்ப்பம் அய்யா இது! மூன்றாவது மாதம்! வயிற்றில் சுமப்பவளை அவர் கேட்கவே இல்லை. பேனாவை என்னிடம் நீட்டினார்.

அந்தப் பேனாவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1975-77 அவசரநிலையில் ஏழைகளைப் பிடித்துப் பிடித்து அறுத்த வரலாறு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், சில மணி நேரத்தில், 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்த வரலாறு. பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்துப்போனார்கள். முகாம்களையே மூடச் சொல்லி உச்சநீதிமன்றம் 2016-ல் உத்தரவிட வேண்டியிருந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3. ஆம்பளைக்கு ஒரு சின்னக் கீறல்தான். அதற்கு ஆள் இல்லை.

இதே அதிகாரம் தேவைப்பட்டால் தலைகீழாகவும் பேசும். இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று 1994-ல் சட்டம் போட்ட ஆந்திரா, 2024-ல் அதை நீக்கியது. மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதி குறையுமென்ற பேச்சு வந்ததும், 'பதினாறு பிள்ளை பெறலாமா என்று நினைக்கும் நிலை' பற்றி அதே ஆண்டு அக்டோபரில் ஒரு கல்யாண மேடையில் பேசினார் அன்று முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின். வேணும்னா பெறு, வேணாம்னா அறு. ரெண்டுக்கும் ஒரே வயிறு.

சரி, அவர்கள் அப்படித்தான். நாம்?

மூன்றாவதாக எண்ணியவர் நம் தோழர். வீடு தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு ஓட்டு தோழர்! நமக்கு எண்ணிக்கைதான் பலம். பாபாசாகேப்பே பதினாலாவது புள்ளதான?" உள்ளேயிருந்து அவள் கேட்டாள்: "ஏன் தோழர், என் வயிறு என்ன ஓட்டுப்பெட்டியா?"

பாபாசாகேப் பதினாலாவது பிள்ளைதான். அந்தப் பதினாலில் பாதிக்கும் மேல் பிழைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெற்ற தாய் பீமாபாய், கடைசி மகனின் சிறுவயதிலேயே போய்ச் சேர்ந்தார். பிறகு அம்பேத்கரும் ரமாபாயும் பெற்ற அய்ந்தில் நான்கைப் புதைத்தார்கள். யஷ்வந்த் ஒருவர்தான் மிஞ்சினார். 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு அரசு வசதி செய்து தரவேண்டும் என்று அம்பேத்கரின் சார்பில் ரோகம் தீர்மானம் கொண்டுவந்தது இந்தப் பின்னணியில்தான். சபை அதைத் தோற்கடித்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1928-ல், அங்கே பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசியவரும் அவரே. தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலன், அந்தச் செலவில் பெரும்பகுதியை அரசே சுமக்கவேண்டும் என்றார். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். வேண்டாமென்றால் தவிர்க்க அவளுக்கு வழி வேண்டும். பெற்றால் சுமக்க அரசு வேண்டும். நடுவில் எண்ணிக்கை பார்க்கிறவனுக்கு, அவன் ஊர்க்காரனோ சேரிக்காரனோ, அங்கே இடமில்லை.

இன்று நிலைமை என்ன? பேறுகால விடுப்பை 26 வாரமாக்கி 2017-ல் சட்டம் திருத்தினார்கள். ஒன்று பெற்றாலும் 26, மூன்று பெற்றாலும் 26. நடவு நடுகிறவளுக்கும் செங்கல் சுமக்கிறவளுக்கும் அந்த 26-ம் இல்லை. வங்கிச் சம்பளம் வருவதால் எங்களால் ஸ்கேனுக்கும் ரத்தத்துக்கும் ஓட முடிகிறது. இதே மூன்றை நூறுநாள் வேலைக்குப் போகும் ஒருத்தி சுமந்தால்?

அவளுக்காகப் பேசுவோம் தோழர்களே. வலியில் கிடப்பவளிடம் கருத்தடைக்குக் கையெழுத்து வாங்குவதை எதிர்ப்போம். குறைமாதக் குழந்தையைக் காக்கும் பிரிவு தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் வரவேண்டும் என்று கேட்போம். எத்தனை குழந்தையோ அத்தனைக்கும் ஏற்ற விடுப்பும் பாலும் கேட்போம். நம் கூட்டங்களில் ஆண்களுக்கான அறுவையைப் பற்றி வாய்திறந்து பேசுவோம். பிரசவம் முடிந்த கையோடு நான் செய்துகொள்ளப் போகிறேன். அந்த ஊழியர் நீட்டிய பேனாவை அப்போது வாங்கிக்கொள்கிறேன், என் உடம்புக்குக் கையெழுத்துப் போட.