தூக்கிப் போடாதீங்க, கவுத்துப் போடுங்க!

நாஞ்சில் நாட்டுப் பக்கம் இப்போ ஒரு புது வழக்கம் வந்திருக்கு. துபாய்லயோ மஸ்கட்லயோ இருக்கிற மகன் லீவுக்கு வந்துட்டுத் திரும்பிப் போறதுக்கு முன்னால அப்பாவுக்கு ஒரு ரெக்ளைனர் வாங்கிப் போட்டுட்டுப் போறான். முட்டுவலிக்கு நல்லது, முதுகுக்கு நல்லதுன்னு. நல்லதுதான், நான் குறை சொல்லல. மூணு வருஷம் கழிச்சு அதே வீட்டுக்குப் போய்ப் பாருங்க. ஒண்ணு அது சாயாது, இல்லைன்னா சாஞ்சது நிமிராது. மேல துவைச்ச துணி குவிஞ்சு கிடக்கும். பெரியவர் பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல விறைப்பா உக்காந்து டிவி பாத்துக்கிட்டிருப்பார். கேட்டா, "சவம் கெட்டுப்போச்சு மக்கா, பய வந்தா வேற வாங்கித் தருவான்" என்பார்.

எனக்கு எரிச்சல் வருவது அந்த 'வேற வாங்கித் தருவான்'லதான். இதே பெரியவர் முப்பது வருஷம் ஈசிசேர் வைத்திருந்தவர். துணி கிழிஞ்சா யாரையும் கூப்பிட மாட்டார். கடையில போய் 'ஈசிசேர் துணி'ன்னு கேட்டா வெட்டிக் கொடுப்பான், தையல்காரர் ரெண்டு முனையையும் மடிச்சுத் தைப்பார், கம்பை உள்ளே விட்டு மாட்டினா வேலை முடிஞ்சுது. கம்பு உரசுற இடத்துலதான் துணி முதல்ல நையும்கிறது தெரிஞ்சு, அப்பப்போ அதைத் தலைகீழா மாத்திப் போடுற வீடுகளும் உண்டு. பிரம்பு பின்னின நாற்காலி தொய்ஞ்சா, அடிப்பக்கம் ஈரத்துணியால் நல்லா நனைச்சு நிழல்ல காயவிடுவாங்க. காயும்போது பிரம்பு தானா இறுகும். சாய்வு நாற்காலின்னா நம்ம ஜில்லாவுக்கு அந்நியமா என்ன? தேங்காப்பட்டணத்துக்காரர் தோப்பில் முஹம்மது மீரான் அந்தப் பேரிலேயே நாவல் எழுதி 1997-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கினாரே.

நிற்க. ரெக்ளைனரும் அதே குடும்பம்தான். 1928-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து மன்ரோ ஊரில் நேபுஷ், ஷூமேக்கர்னு ரெண்டு பேர் 'லேசிபாய்' என்று செய்த முதல் நாற்காலி வெறும் மரச்சட்டம்தான், திண்ணையில போட்டு உக்கார. மெத்தை எல்லாம் பிறகு வந்தது. அந்த மெத்தையைப் பார்த்துத்தான் நாம பயந்துபோயிடறோம், உள்ளே ஏதோ ராக்கெட் இருக்கிற மாதிரி :)

ஒண்ணும் இல்லீங்க. கரண்ட் வண்டியா இருந்தா முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. ரெண்டு பேர் சேர்ந்து (தனியாத் தூக்கினா உங்க முதுகுதான் ரிப்பேர் ஆகும்) நாற்காலியை மெதுவா முன்பக்கமாக் கவுத்துப் போடுங்க. அடியில ஒரு கறுப்புத் துணி ஸ்டேப்பிள் அடிச்சிருக்கும், பிரிச்சா எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கைப்பிடி லொடலொடன்னு ஆடி ஒண்ணும் நடக்கலைன்னா கேபிள் கழன்றிருக்கும் அல்லது அறுந்திருக்கும். சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரிதான் அதுவும். கால்பலகை மூடி நிக்காம முன்னால வந்து விழுந்தா ஸ்பிரிங். கொக்கியிலிருந்து நழுவியிருக்கும். அதைக் கையால இழுக்காதீங்க, விரல் போயிடும். கெட்டியான நைலான் கயிற்றைக் கொக்கியில கட்டி, மறுமுனையை ஸ்குரூடிரைவர்ல சுத்திப் பிடிச்சு இழுத்து மாட்டணும். கண்ணாடி போட்டுக்கிட்டுச் செய்யுங்க. ஒருபக்கமாக் கோணிக்கிட்டு நின்னா போல்ட்டு லூஸ், இல்லைன்னா பிளைவுட் பிளந்திருக்கும். போல்ட்டு நீங்களே முறுக்கலாம். பிளந்ததுக்கு நம்ம ஆசாரி போதும், ஷோரூம் வேண்டாம்.

முதுகுப் பாகம் தனியா வரும்கிறது பல பேருக்குத் தெரியாது. பெரும்பாலான மாடல்ல பின்பக்கத் துணியை விலக்கினா ரெண்டு ஓரத்திலும் சின்ன இரும்புக் கொண்டி இருக்கும். அதை மேலே நெம்பிவிட்டு முதுகை நேரா மேலே உருவினா கையோட வந்துடும். வாசல் வழியா நுழையலைன்னு நிலையைக் கழட்டின வீட்டை எனக்குத் தெரியும்!

எண்ணெய் விஷயம். கிரீச்சுன்னு சத்தம் வந்தா நம்ம ஊர்ல கை முதல்ல போறது தேங்கா எண்ணெய்க்கு. வேண்டாம். ஒரு வாரத்துல தூசி ஒட்டிப் பிசினாகும், அதுக்கு மேல எறும்பு வேற. சிலிக்கான் ஸ்பிரே கொஞ்சமா அடிச்சாப் போதும். நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, கடற்காத்தில் உப்பும் உண்டு. கடலோர வீடுகள்ல இந்த இரும்புக் கம்பிகள் துருப்பிடிக்கிறதுக்குக் கேக்கவே வேண்டாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை, இடவப்பாதி தொடங்குறதுக்கு முன்னாலயும் ஐப்பசி மழை தொடங்குறதுக்கு முன்னாலயும், கவுத்துப் போட்டுத் துடைச்சுடுங்க.

மேல் உறை பாம்புச் சட்டை மாதிரி உரியுதே, அதுக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. அசல் தோல் உரியாது. உரியறது பாலியூரித்தேன் பூச்சு. சூடும் ஈரமும் சேர்ந்தா அது தானா சிதையும். அதனால நம்ம ஊருக்குத் துணி உறைதான் சரி.

இப்போ என் கட்சியைச் சொல்லிடறேன். வயசானவங்க தனியா இருக்கிற வீட்டுக்கு மோட்டார் ரெக்ளைனர் வாங்கறதுக்கு முன்னால ரெண்டு தடவை யோசிங்க. கரண்ட் போனா அது நின்ன இடத்துல நிக்கும். காலை நீட்டி மல்லாந்து கிடக்கிற எழுபத்தஞ்சு வயசுக்காரர் எப்படி இறங்குவார்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடிச்சப்போ நம்ம ஜில்லாவில் நாள்கணக்கா கரண்ட் இல்லாம இருந்தோமே. சில அடாப்டர்ல 9 வோல்ட் பேட்டரி ரெண்டு போட இடம் இருக்கும், ஒரு தடவை நிமிர்த்த உதவும். அது இருக்கான்னு யாரும் பார்க்கிறதில்லை. இருந்தாலும் பேட்டரி போடறதில்லை. எழுந்திருக்கவே மோட்டார் வேணும்கிற நிலையில இருக்கிறவங்களுக்கு வேற வழியில்லை, சரி. மத்தவங்களுக்குக் கைப்பிடி வண்டி போதும்.

மோட்டார் ஓடலைன்னாலும் உடனே மோட்டாரைக் குறை சொல்லாதீங்க. வயர் இணைப்பு கழன்றிருக்கா, அடாப்டர் உயிரோட இருக்கான்னு பாருங்க. அதில் பெரும்பாலும் 29 வோல்ட், 2 ஆம்பியர்னு எழுதியிருக்கும். அதே அளவும் அதே பின்னும் உள்ளதுதான் வாங்கணும். லேப்டாப் சார்ஜரைச் சொருகிப் பரீட்சை பண்ணாதீங்க.

2022-ல் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'ன்னு ஆரம்பிச்சதே, அதுக்கு எடுத்துக்கிட்ட நாலு துறை விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகச் சாதனம், வாகனம். நாற்காலி அந்த நாலுல தனியா இல்லை. அதனால அந்தக் கேள்வியைக் கடையில நாமதான் கேட்டாகணும். பில் போடறதுக்கு முன்னால, "இதுக்குக் கேபிளும் ஸ்பிரிங்கும் தனியாக் கிடைக்குமா, முதுகைக் கழட்டிக் காட்டுங்க" என்று கேளுங்க. "அதெல்லாம் கம்பெனியிலதான் சார் கேக்கணும்"னு சொன்னா, ஒரு டீ குடிச்சுட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.